நிஜமா? நிழலா?



மலர்க் குழுவினர் என்னிடம் வந்து "ஏதாவது எழுதிக் குடுடே" என்று கேட்டபோது, நாலு வரியில் ஒரு கவிதை எழுதித் தப்பித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் காதல், நட்பு, பிரிவு என்று இந்த மலரில் எப்படியும் இருபது கவிதைகள் வந்திருக்கும். பாவம், நீங்களும் எத்தனையைத்தான் தாங்குவீர்கள்! ஆகவே கட்டுரை.

விஷயம், வீடியோ கேம். ஆசிரியப் பெருமக்கள் முகம் சுளிக்க வேண்டாம். நான் சொல்லப் போவது விளையாடுவதைப் பற்றி அல்ல, செய்வதைப் பற்றி. கேமில் வரும் படங்கள் அப்படியே நிஜம் போல இருக்க வேண்டுமா? அல்லது ஓவியம் போல, பொம்மை போல, தனக்கென்று ஒரு பாணியோடு இருக்கலாமா? கேன்டீனில் டீ ஆறுகிற வரை நாங்கள் சண்டை போட்ட கேள்வி இது. இதனால் ஒரு வீட்டில் ஒரு ஜோடி வளையல் அடகுக் கடை வாசல் வரை போய் வந்தது. அதனால் இது சின்ன விஷயம் இல்லை என்பது என் கட்சி.

தேர் ஓடாத கதை

இறுதியாண்டு புராஜக்டுக்கு நாங்கள் மூன்று பேர். தக்கலைக்காரன், குளச்சல்காரன், தோவாளைக்காரனாகிய நான். மார்கழித் திருவிழாவில் சுசீந்திரம் தேரோட்டம் பார்த்துவிட்டு வரும்போது பஸ்ஸில் உதித்த யோசனை அது. தேர் இழுக்கிற ஒரு கேம்! வடம் பிடித்து இழுக்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை போட்டுத் திருப்ப வேண்டும், வீதி சுற்றி நிலைக்குக் கொண்டுவர வேண்டும். உலகத்தில் எவனும் செய்திருக்க மாட்டான் என்று மூன்று பேரும் குதித்தோம்.

குளச்சல்காரனுக்கு ஒரே பிடிவாதம். "செஞ்சா நிஜம் மாதிரி செய்யணும்டே. பாக்கிறவன் இது போட்டோவா கேமான்னு மலைக்கணும்." நாங்களும் தலையாட்டினோம். தாணுமாலயன் கோயில் கோபுரம் ஏழு நிலை, 134 அடி. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் சாப்ட்வேரில் அதைக் கட்ட ஆரம்பித்தோம். முதல் நிலையில் உள்ள சுதைச் சிற்பங்களில் பாதிகூட முடியவில்லை, லேப் கம்ப்யூட்டர் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின். ஒரு கேம் வழுவழுப்பாக ஓட வேண்டுமானால் செகண்டுக்கு 60 படம் வர வேண்டும். அதாவது ஒரு படத்தை வரைய கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லி செகண்ட். எங்களுடையதில் செகண்டுக்கு நாலு படம் வந்தது. கோபுரத்தைச் சுற்றிப் பார்ப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்!

முதல் ரிவ்யூவில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். "கோபுரம் நல்லாத்தான் இருக்கு. கேம் எங்கப்பா?" என்று ஒரே கேள்வி. எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குளச்சல்காரன் வீட்டில் கூடினோம். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் வைத்துக் கொடுத்தார்கள் அவன் அம்மா. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் மெல்ல ஆரம்பித்தான். ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும், முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும், நாலு மாதத்தில் திருப்பிவிடலாம் என்று. அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் இரண்டு வளையல்களைத் துணியில் பொதிந்து கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தார்கள். பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்துக் கேட்டார்கள்: "அந்த சாமானம் வாங்கிப் போட்டா ஒங்க தேரு ஓடுமா மக்கா?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஓடாது! ஏனென்றால் தேரை ஓட்டுவதற்கு நாங்கள் ஒரு வரி புரோகிராம்கூட எழுதியிருக்கவில்லை. ஐந்து வாரமாகக் கோபுரத்துக்குத் தோல் போர்த்திக்கொண்டு இருந்தோம்.

ஆனாலும் மறுநாள் அவன் வளையலோடு அடகுக் கடை வாசல் வரை போனான். நானும் கூடப் போனேன். வாசலில் அரைமணி நேரம் நின்றோம். திரும்பி வந்தோம். அன்று இரவு முதல் நான் இந்தக் கேள்வியைத் துருவ ஆரம்பித்தேன். கண்டதைச் சொல்கிறேன்.

40 கிலோபைட்டில் ஓர் உலகம்

நம் அண்ணன்மார், மாமாமார் காலத்தில் டி.வி.யோடு இணைத்து, கேசட் போட்டு ஆடிய மாரியோவை நினைத்துப் பாருங்கள். நின்டென்டோ கம்பெனி 1985-ல் வெளியிட்ட அந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேம் மொத்தமே 40 கிலோபைட். இன்று நம் செல்போனில் வரும் ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிது!

அந்த மெஷினில் அசையும் உருவத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று நிறம்தான் கொடுக்க முடியும். செய்தவர்கள் என்ன செய்தார்கள்? வானத்தில் மிதக்கும் மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் ஒரே வடிவமாக வைத்து நிறத்தை மட்டும் மாற்றினார்கள். மேகம் வெள்ளை, புதர் பச்சை. ஆடியவர்களில் எத்தனை பேர் கண்டுபிடித்தார்கள்?

மாரியோவுக்கு மீசை வந்த கதையும் இப்படித்தான். 1981-ல் வந்த டாங்கி காங் கேமில்தான் அவர் முதலில் தோன்றினார். அவ்வளவு சின்ன உருவத்தில் வாய் வரைந்தால் தெரியாது. அதனால் மூக்குக்குக் கீழே மீசை. முடி பறப்பதை அசைத்துக் காட்டுவது கஷ்டம். அதனால் தொப்பி. கை வீசுவது தனியாகத் தெரிய வேண்டும். அதனால் சட்டைக்கு மேல் வேறு நிறத்தில் ஓவரால். மெஷினின் குறைபாடு ஒவ்வொன்றும் ஒரு தீர்மானம் ஆனது. அந்தத் தீர்மானங்களின் மொத்தம்தான் உலகமே அறிந்த அந்த முகம். இதை நமக்கு டிசைன் பாடத்தில் சொல்லித் தந்திருந்தால் அந்த யூனிட்டில் எனக்கு அரியர் விழுந்திருக்காது என்பது வேறு விஷயம்.

நிஜத்துக்கும் வயசாகும்

2002-ல் வந்த ஜி.டி.ஏ. வைஸ் சிட்டியை பிரவுசிங் சென்டரில் ஆடிய காலத்தில் என் அண்ணன் வீட்டுக்கு வந்து "அப்படியே நிஜம்டே!" என்று சொல்வான். போன வருஷம் அதை மறுபடி போட்டுக் காட்டினேன். "இதையா நான் நிஜம்னு சொன்னேன்?" என்று சிரிக்கிறான். ஆட்களின் விரல்களெல்லாம் ஒட்டிக்கொண்டு கரண்டி மாதிரி இருக்கின்றன. மாரியோவைப் பார்த்து அவன் அப்படிச் சிரிக்கவில்லை. காரணம் எளிது. மாரியோ நிஜம் என்று யாரும் நம்மிடம் சொல்லவே இல்லை. 'நிஜம் போல' என்று சொல்லி வருகிற படம், அடுத்த வருஷத்து மெஷினோடு ஓட்டப்பந்தயம் ஓடுகிறது. அதில் தோற்பது உறுதி.

ஜப்பானில் நடந்த ஒன்று. ஜெல்டா என்ற புகழ்பெற்ற கேம் வரிசையின் அடுத்த பாகம் நிஜம் போல இருக்கும் என்று ரசிகர்கள் நம்பியிருந்தார்கள். 2000-ல் காட்டப்பட்ட முன்னோட்டம் அப்படித்தான் இருந்தது. 2001-ல் பார்த்தால் பெரிய கண்ணோடு கார்ட்டூன் பையன்! குழந்தைப் பிள்ளை விளையாட்டு என்று பலர் கேலி செய்தார்கள். 2002-ல் வெளிவந்த அந்த விண்ட் வேக்கர் இன்று பார்த்தாலும் பழசாகத் தெரியவில்லை. 2006-ல் வந்த ஓகாமி என்ற கேமை முதலில் நிஜம் போலத்தான் செய்யத் தொடங்கினார்கள். பிளேஸ்டேஷன் 2 மெஷின் தாங்கவில்லை. மையும் தூரிகையும் கொண்டு வரையும் ஜப்பானிய ஓவியப் பாணிக்கு மாறினார்கள். பிறகு அந்தத் தூரிகையே ஆட்டத்தின் ஆயுதமாகவும் ஆகிவிட்டது.

இந்தச் சண்டை ஏதோ கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தக்கலைக்காரன் வீட்டுக்குப் பக்கம்தான் பத்மநாபபுரம் அரண்மனை. அங்கே உப்பரிக்கை மாளிகை மேல்மாடிச் சுவர்களில் பழைய ஓவியங்கள் உண்டு. அகன்ற கண், தடித்த கோடு, நிழலே இல்லாத நிறம். எந்த மனிதனும் அப்படி இருப்பதில்லை. ஆனால் அது அனந்தசயனம் என்று பார்த்த உடனே தெரியும். ஒரு காலத்தில் நம் மாவட்டம் இருந்த அதே திருவிதாங்கூரில்தான், கிளிமானூரில் 1848-ல் ரவிவர்மா பிறந்தார். எண்ணெய் வண்ணத்தில் ஐரோப்பிய முறைப்படி சதையும் பட்டும் மின்ன வரைந்தார். 1873-ல் வியன்னா கண்காட்சியில் பரிசு பெற்றார். 1894-ல் பம்பாய்ப் பக்கம் அச்சகம் தொடங்கி, லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடு வீடாகச் சேர்த்தார். நம் பாட்டிமார் பூஜை அறையில் கும்பிட்ட காலண்டர் சாமிகளுக்கு மூலம் அவர்தான்.

கவனியுங்கள்! சரஸ்வதியை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் ரவிவர்மா படத்தை 'நிஜம் போல' என்கிறோம். அப்படியானால் நிஜம் போல வரைவதும் ஒரு பாணிதான். பல பாணிகளில் ஒரு பாணி. மற்றவை எல்லாம் அதற்குக் கீழே என்று நாம் நினைத்துக்கொண்டதுதான் தப்பு.

புட்டும் பாவையும்

சரி, வெளிநாட்டான் கதை போதும், நம்ம ஆள் எவனாவது செய்திருக்கானா என்று கேட்பீர்கள். செய்திருக்கிறார்கள்.

கனடாவில் டொரான்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு 2023 ஜூலையில் 'வெண்பா' என்று ஒரு கேமை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். துப்பாக்கி கிடையாது, கார் கிடையாது. ஆட்டமே சமையல்தான்! அம்மாவின் பழைய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்துபோய் இருக்கிறது. விட்டுப்போனதை நாம் யோசித்துக் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். படங்கள் கதைப்புத்தகத்தில் வரைந்தது போல, தட்டையான வண்ணத்தில் இருக்கும். ஆனால் இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக்குழலில் ஆவி எந்த வழியாக ஏறும் என்பதில் பிசகினால் பலகாரம் கெட்டுவிடும். என் அம்மாவிடம் அந்தப் புட்டுக் கட்டத்தைக் காட்டினேன். போனை வாங்கிப் பார்த்து, "மாவு போடற முறை செரிதான்" என்றார்கள். படம் நிஜம் போல இல்லை என்று அவர்கள் குறைசொல்லவே இல்லை! 2024-ல் அந்த கேமுக்கு முதல் படைப்புக்கான பாஃப்டா விருது கிடைத்தது. அதே ஆண்டு சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் பெரும் பரிசும் கிடைத்தது.

புனேயில் உள்ள நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-ல் 'ராஜி' என்ற கேமை வெளியிட்டது. அவர்கள் 2017-ல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் மக்களிடம் பணம் திரட்டப் பார்த்து, எண்ணிய தொகை சேராமல் போனவர்கள். ஆட்டம் முப்பரிமாணம்தான். ஆனால் நிறங்களை வட நாட்டுப் பஹாடி ஓவியத்திலிருந்து எடுத்தார்கள். இடையிடையே கதை சொல்லும் இடங்களில் நிழல் பாவைகள் வருகின்றன.

நிழல் பாவை என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புனேக்காரர்களுக்குத் தோன்றியது நாகர்கோவில் பக்கத்து எங்களுக்கு ஏன் தோன்றவில்லை? தோல்பாவைக்கூத்து நடத்தும் குடும்பங்கள் நம் ஊரைச் சுற்றித்தானே இருக்கின்றன! வீட்டில் மராத்தி, திரையில் தமிழ் ராமாயணம். ஆராய்ச்சியாளர் அ.கா.பெருமாள் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கு. ஆட்டுத்தோலில் செய்த ராமனும் ராவணனும். நகை இருக்கும் இடத்தில் துளை. அந்தத் துளை வழியே வெளிச்சம் வந்தால் அதுவே தங்கம். ஒரே ஆள் எல்லாக் குரலிலும் பேசுவார். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்தால் பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். அந்த முகங்களில் எது நிஜம் போல இருக்கிறது? ஒன்றுமே இல்லை. ஆனால் கையும் தலையும் அசையும் விதத்திலும் குரலிலும் நிஜம் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இன்றைக்குத் தட்டைப் படத்தை அசைக்கும் சாப்ட்வேர் எல்லாம் என்ன செய்கின்றன? தோள், முழங்கை, இடுப்பு என்று துண்டு துண்டாக வெட்டி, மூட்டில் ஆணி அடித்து, ஆட்டுகின்றன. அதாவது பாவைக்கூத்து! நாம் சிலபஸில் இல்லாத பாடத்தை ஊரில் வைத்துக்கொண்டு கார்டு வாங்க அலைந்தோம்.

மறுபக்கமும் உண்டு

ஒருதலைப்பட்சமாகச் சொல்லக் கூடாது. நிஜம் போலவே இருந்தாக வேண்டிய இடங்களும் உண்டு. விமானம் ஓட்டப் பழகும் சிமுலேட்டரில் ஓடுபாதை ஓவியம் போல இருந்தால் ஆபத்து. வெல்டிங் பயிற்சிக்கான சிமுலேட்டரில் உருகிய உலோகம் எப்படி ஒழுகுமோ அப்படித்தான் ஒழுக வேண்டும். சிவில் பிரிவு நண்பர்கள் கட்டப் போகும் வீட்டைக் கம்ப்யூட்டரில் காட்டும்போது, ஜன்னலில் விழும் வெயில் சரியாக விழ வேண்டும். பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்துப் பல வருஷம் உழைத்துச் செய்யும் கேம்களின் மழையையும் குதிரையையும் பார்த்து நானும் வாய் பிளந்திருக்கிறேன். அது பெரிய உழைப்பு. மறுக்கவில்லை.

குளச்சல்காரன் இன்னொன்று சொல்வான். "பாணி, பாணின்னு சொல்றதெல்லாம் எட்டாத பழம் புளிக்கும்னு சொல்ற நரிக் கதைடே. கையில் காசு இருந்தா நீயும் நிஜம் மாதிரிதான் செய்வே." இதற்கு என்னால் பாதி பதில்தான் சொல்ல முடியும். காசில்லாததால்தான் இந்தப் பக்கம் வந்தோம், உண்மை. ஆனால் வந்த பிறகு வேலை குறையவில்லை, கூடியது. கோபுரத்தைக் கட்டும்போது நாங்கள் போட்டோவைப் பார்த்து நகல் எடுத்தோம். எதை விடுவது, எதை வைப்பது என்று யோசிக்கவே இல்லை. பாணி என்று வந்துவிட்டால் ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. சோம்பேறிக்கு அந்த வழி ஒத்துவராது.

தேர் திரும்பியது

கோபுரத்தை அழித்தோம். (குளச்சல்காரன் ஒரு காப்பி பென்டிரைவில் வைத்திருக்கிறான். எங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறான்!) இலவசமாகக் கிடைக்கும் கோடாட் என்ற சாப்ட்வேரில், தேருக்குப் பதில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வைத்தோம். நாலு வட்டம் சக்கரம். ஒரு கோடு வடம். அவ்வளவுதான்.

தை மாதம் நாகராஜா கோயில் தேரோட்டத்துக்கு நோட்டும் பேனாவுமாகப் போனோம். இதுவரை தேரைப் பார்த்தவர்கள், அன்றுதான் கட்டையைப் பார்த்தோம். வடம் இறுகிய பிறகும் தேர் உடனே நகர்வதில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு முனகல். பிறகு சட்டென்று புறப்படும். புறப்பட்டதை நிறுத்துவதுதான் பாடு. எந்தப் பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டை விழுகிறதோ அந்தப் பக்கம் தேர் திரும்பும். கட்டை போடுகிறவர் தேரின் உச்சியைப் பார்ப்பதே இல்லை, சக்கரத்தையும் தரையையும் மட்டும் பார்க்கிறார். நாங்கள் ஐந்து வாரம் உச்சியை மட்டுமே பார்த்திருந்தோம்.

அந்தத் தாமதம், அந்த முனகல், அந்தச் சட்டென்ற புறப்பாடு, இதை மட்டும் பெட்டிக்குள் கொண்டுவர பதினெட்டு நாள் ஆயிற்று. பிறகு சார்ட் பேப்பரில் ஆட்களைப் பாவை போல வரைந்து, வெட்டி, செல்போனில் படமெடுத்து, மூட்டுப் போட்டோம். தேரையும் அப்படியே. ஓட்டைகள் வழியே பின்னாலிருந்து வெளிச்சம். லேப் மெஷினில் செகண்டுக்கு 60 படம் குறையாமல் ஓடியது.

இரண்டாவது ரிவ்யூவில் யாரும் ஆகா ஓகோ என்று சொல்லவில்லை. கேட்டவர் கட்டையை இரண்டு தடவை தாமதமாகப் போட்டுத் தேரைக் கடைத் திண்ணையில் இடித்தார். மூன்றாவது தடவை திருப்பிவிட்டார். "கட்டை விழும்போது சத்தம் வரலியே?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி எங்களுக்குப் போதும். படத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, தேரைப் பற்றிக் கேட்டார்!

ஆகவே நண்பர்களே, அடியேன் சொல்ல வந்தது இதுதான். படம் நிஜமாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், நம் கேமில் எது நிஜமாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். புட்டுக் கேமுக்கு ஆவி, தேர்க் கேமுக்குக் கட்டை. அதைப் பிடித்துவிட்டால், மேலே போர்த்துகிற தோல் ஆட்டுத்தோலாக இருந்தாலும் பரவாயில்லை. அதைப் பிடிக்கத் தேவையானது கார்டு அல்ல. ஒரு நோட்டு, ஒரு பேனா, பஸ் காசு, பொறுமை.

அடுத்த வருஷம் புராஜக்ட் செய்யப் போகும் இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். "நம்மகிட்ட நல்ல மெஷின் இல்லியே அண்ணா" என்று கைகட்டி நிற்காதீர்கள். வீட்டில் நகையைக் கேட்காதீர்கள். முதலில் சாம்பல் பெட்டியை ஓட்டுங்கள். அது சுவாரசியமாக ஓடினால் பிறகு வண்ணம் பூசலாம். ஓடாவிட்டால் எந்த வண்ணமும் காப்பாற்றாது.

குளச்சல்காரன் இன்னும் மாறவில்லை. "வேலை கிடைச்சதும் முதல் மாசச் சம்பளத்துல கார்டு வாங்குவேன். அப்போ என் தேரைப் பாருடே!" என்கிறான். வாங்கட்டும். நானும் போய்ப் பார்ப்பேன். வளையல் இரண்டும் அவன் அம்மா கையில்தான் இருக்கின்றன.

சிந்திப்போம்! செய்து பார்ப்போம்!



தோவாளைக்காரன்,
மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு